எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை 5.40. தூறல். கண்ணாடி துடைக்கும் ரப்பர் கிழிந்து கிடக்கிறது. மூன்று தடவை சொல்லியாயிற்று. மாற்றவில்லை.

இன்று மூன்று சுற்று. விஜயநகர் தண்ணீர்த் தொட்டி, ஹெப்பாள் தொழிற்பேட்டை, திரும்பத் தண்ணீர்த் தொட்டி. எட்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. இப்போதைக்கு ஆள் ஏற்றுவதில்லை, சோதனை ஓட்டம். தானே ஓடுகிறது, தானே திரும்புகிறது. நான் ஸ்டியரிங் முன்னால் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கொள்ளேகால் லைனில் பதினாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவனுக்கு வந்த வாழ்வு. வேலையின் பெயர் சேஃப்டி ஆபரேட்டர். "ஓட்டாம இருக்கறதுக்குச் சம்பளமாங்க?" என்று மனைவி செல்வி முதல் மாதம் கேட்டாள். ஆபத்து என்று தெரிந்தால் பிரேக்கை மிதிக்க வேண்டும், மற்றபடி சும்மா இருக்க வேண்டும் என்றேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்கே தெரியாது.

பஸ் ஓட்டிய காலத்து டிரிப் ஷீட் பழக்கம் விடவில்லை. நேரம் போட்டு எழுதாவிட்டால் சோறு இறங்காது. தமிழில் எழுதுவதால் ஒரு சௌகரியம், கம்பெனியில் எவனுக்கும் படிக்க வராது. என் மகளுக்கே வராது.

பி. (பிரேக்) இன்று 4. அதில் தே. 3.

6.35 - நாய். சரி.
6.50 - மாதம்மா அக்கா, தெரு கூட்டுகையில். தே.
7.15 - மாதம்மா அக்கா, அதே இடம். தே.
8.05 - பால்காரர், கீழே விழுந்த பாக்கெட்டைப் பொறுக்கக் குனிந்தார். தே.

தே. என்றால் தேவையற்றது. பிரேக்கில் ஒவ்வொரு முறை காலை வைத்தாலும் வண்டியில் மாட்டிய டேப்லெட் காரணம் கேட்கும். நான்கு கட்டம்: மனிதர், வண்டி, விலங்கு, தேவையற்றது. வண்டிக்குத் தெரிந்ததுதான் கட்டத்தில் எரியும். அதற்குத் தெரியாத மனிதருக்காக நான் மிதித்தால் ‘மனிதர்’ கட்டம் இருட்டாகவே இருக்கும். மிச்சம் இருப்பது ‘தேவையற்றது’ ஒன்றுதான். அதைத்தான் அமுக்க வேண்டும். எவன் யோசித்துச் செய்தானோ தெரியவில்லை, அவன் கை விளங்காமல் போக.

செப்டம்பர் 26, வெள்ளி

வெயில். தசராவுக்கு ஊரெல்லாம் விளக்கு கட்டிவிட்டார்கள். மகள் காவ்யாவுக்குக் காலேஜ் லீவு.

இன்று நன்றாகக் கவனித்துப் பார்த்தேன், என் சந்தேகம் சரிதான். மாதம்மா அக்கா தெரு கூட்டுகிறவர். நம்ம ஹனூர் பக்கம். அவர் ஊர் கௌதள்ளிக்கு அப்பால், என் அம்மா பிறந்த ஊருக்கு மூன்று மைல். முதல் நாள் வண்டியைப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கடா தம்பி?" என்று என்னிடமே கேட்டவர். நிமிர்ந்து நின்றால் வண்டித் திரையில் அவரைச் சுற்றி நீலக் கட்டம். நீலம் என்றால் மனிதர். வேகம் குறைகிறது, ஒரு ஆள் நீளம் தள்ளிப் போகிறது. அவரே குனிந்து, குப்பைக் குவியலைக் கையால் சாக்கில் அள்ளும்போது நீலம் போய்விடுகிறது. குவியலும் அவரும் சேர்ந்து ஒரே சாம்பல் நிறக் கட்டம். சாம்பல் என்றால் பொருள். பொருளுக்கு வேகம் குறைக்காது. ஒரு சாண் விட்டு உரசுகிற மாதிரி போகும்.

அக்கா நாள் முழுக்கக் குனிந்துதான் இருக்கிறார். அதுதானே அவர் வேலை.

ரம்யாவிடம் சொன்னேன். வண்டிக்கு இன்ஜினியர், நல்ல பெண், என்னை அங்கிள் என்பாள். திரையைப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். பெங்களூருக்கு எழுதினாளாம், மத்தியானமே பதில். வண்டிக்குக் காட்டிப் பழக்கிய படங்களில் இப்படிக் குனிந்து ரோட்டில் குப்பை அள்ளுகிறவர்கள் அதிகம் இல்லையாம், அடுத்த முறை சேர்ப்பார்களாம். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

எந்த ஊர்ப் படத்தைக் காட்டினார்கள்? குப்பை தானே நடந்து போய் லாரியில் ஏறும் ஊரா?

பி. 5, தே. 4.

செப்டம்பர் 27, சனி

மீட்டிங். சுவரில் எங்கள் ஐந்து ஆபரேட்டர்களின் பெயர், பெயருக்கு நேரே தே. எண்ணிக்கை. என் பெயர்தான் உச்சியில், சிவப்பில். பத்தாவது பெயிலான பையனைப் போல நிற்க வைத்தார் சதீஷ் சார். மேனேஜர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். சும்னே பிரேக் ஹொடீபேடி, சும்மா சும்மா பிரேக் அடிக்காதீர்கள் என்று கன்னடத்தில் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் எனக்கு எரிந்தது.

விஷயம் இதுதான். இந்த வண்டியை ஊருக்குள் விடலாமா என்று பார்க்க ஒரு குழு இருக்கிறது. அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழன் கூடுகிறது. அடுத்து பள்ளிக்கூட ரோட்டில் விட அனுமதி வேண்டும். குழு பார்ப்பது ஒரே ஒரு கணக்கு: மனிதக் கால் எத்தனை தடவை பிரேக்கைத் தொட்டது. குறைந்தால் வண்டி கெட்டிக்கார வண்டி.

அதாவது நான் காலை எடுத்துவிட்டால் வண்டி நல்ல வண்டி. பாம்பு கடிக்கிறதா என்று பார்க்க மகுடிக்காரன் கையைக் கட்டிப்போட்ட கதை.

குனிகிறவர்கள் விஷயத்தை எடுத்தேன். குறித்துக்கொண்டார். எதில் குறித்தார் என்று பார்த்தேன். கையில் பேனாவே இல்லை.

கத்தரிக்காய், வெங்காயம், பூஜைக்கு வெற்றிலை வாங்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மேகமூட்டம், மழை இல்லை.

டிப்போவில் எல்லா வண்டிக்கும் மாலை, வாழைக்கன்று. பூசணிக்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பஸ் டிரைவருக்குத்தானே முறை தெரியும். சந்தனம் குழைத்து முன்கண்ணாடிக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு இரண்டு, நடு நெற்றிக்கு ஒன்று, மேலே குங்குமம். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. நடு நெற்றி என்று நினைத்த இடத்தில் இருந்தது வண்டியின் முன் காமிரா. எல்லோரும் சிரித்தார்கள். சதீஷ் சார்தான் அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். ரம்யா துணியும் மருந்துத் தண்ணீரும் கொண்டுவந்து துடைத்து, கம்ப்யூட்டரில் சரிபார்த்து, ரிஜிஸ்டரில் எழுதினாள். நேரம் 10.20.

என் தப்புதான். கண்ணில் போய் யாராவது சந்தனம் அப்புவார்களா? வெட்கமாக இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி தானே நசுக்கிக்கொண்டு போகட்டும், வீடியோ எடுக்கலாம் என்றார் சதீஷ் சார். ஸ்டார்ட் ஆயிற்று, நகரவில்லை. கீழே இருக்கும் சின்னச் சென்சார் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டது. திரையில் நான்கு சாம்பல் கட்டம். இரண்டு பக்கமும் தூண், ஒதுங்கிப் போக வழியில்லை. நின்றது நின்றதுதான். கடைசியில் நான் ஏறிக் கையால் ஓட்டி நசுக்கினேன். கைதட்டினார்கள்.

வீட்டில் சொன்னேன். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

அக்டோபர் 4, சனி

தசரா முடிந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் குப்பை. வாழைமட்டை, பூ, உடைத்த பூசணி, பேப்பர் தட்டு. மாதம்மா அக்காவின் குவியல் இடுப்பு உயரம். "ஊரே சாமி கும்புட்டுப் போட்டுப் போயிருது, அள்ளறதுக்கு நாங்க" என்றார். வெற்றிலை கேட்டார், கொடுத்தேன்.

நான்கு தடவை அவருக்காக மிதித்தேன். நான்கும் தே.

மத்தியானம் சதீஷ் சார் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் ஒரு தே. வந்தால் என்னை வண்டியிலிருந்து இறக்கி வாட்ச்மேன் வேலைக்குப் போட வேண்டியிருக்குமாம். வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள், குழு போன பிறகு எத்தனை வேண்டுமானாலும் மிதியுங்கள் என்றார். வண்டிக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டுமாம். அது எனக்குக் கொடுக்க வேண்டாமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. காவ்யாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது.

கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. மழை இல்லை. 6.50.

நேரப்படி எழுதுகிறேன்.

அதே இடம், தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாவது வளைவு. குவியல் இடது ஓரம். அக்கா குனிந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி அள்ளிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். திரையில் சாம்பல். கால் பிரேக்குக்கு மேலே போயிற்று. மிதிக்கவில்லை. சனிக்கிழமை சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு சாண் விட்டுப் போய்விடும், தினமும் போகிறதே என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம் காத்தேன்.

சாக்கு நிறைந்திருக்க வேண்டும். அதை இழுத்துக்கொண்டு அக்கா ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

வண்டியின் இடது மூலை இடுப்புக்குக் கீழே அடித்தது. அப்போதுதான் மிதித்தேன்.

குவியல் மேலேயே விழுந்தார். கத்தவில்லை. "ஐயோ தம்பி" என்றார், அவ்வளவுதான். இறங்கி ஓடினேன். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ண வண்டிக்குள் திரும்பினால் டேப்லெட் மினுக்கிக்கொண்டிருக்கிறது. காரணம் கேட்கிறது. மனிதர் கட்டம் இருட்டு. எரிவது ‘தேவையற்றது’ ஒன்று மட்டும்.

நான் எதையும் அமுக்கவில்லை.

பி. 1. காரணம்:

அக்டோபர் 7, செவ்வாய்

தூக்கமில்லை. வெயில்.

ஆஸ்பத்திரி. தொடை எலும்பு இரண்டாக. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பார், ஆனால் பழையபடி குனிந்து நிமிர முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அக்கா மயக்கம் தெளிந்தும் தெளியாமலும். என்னைப் பார்த்து, "சாக்கு எங்க தம்பி, சூப்பர்வைசர் கேப்பாரு" என்றார். வெளியே வந்து சுவரில் கையால் குத்தினேன். நர்ஸ் திட்டினாள்.

11 மணிக்கு கம்பெனியிலிருந்து போன். நாளை வரச் சொல்கிறார்கள். வேலைக்கு அல்ல, விளக்கத்துக்கு.

சாயந்தரம் ஆபரேட்டர் நாகராஜ் வீட்டுக்கு வந்தான். கம்பெனியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னான். நம்ப முடியவில்லை. நான் காமிராவில் சந்தனம் பூசியதால்தான் வண்டிக்குக் கண் மறைந்ததாம். பூஜை அன்று எடுத்த போட்டோ அதற்குச் சாட்சியாம். யார் எடுத்தது அந்தப் போட்டோ?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்டோபர் 8, புதன்

போனேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். இதுவரை இந்த ஆபீசில் எனக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.

ஒரு தாள், இங்கிலீஷில். கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று வாங்கி வந்தேன். காவ்யா படித்துக் கன்னடத்தில் சொன்னாள். ஆபரேட்டர் அனுமதியில்லாமல் மத வழக்கத்தின்படி காமிரா மீது பொருளைப் பூசினார், அதனால் பார்வை பாதிக்கப்பட்டது, ஆபரேட்டரும் கவனக்குறைவாக இருந்தார். கையெழுத்துப் போட்டால் டிப்போவில் வேறு வேலை உண்டு என்று வாயால் சொன்னார்கள். தாளில் அது இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதுவும் நான் உடைத்த பூசணிக்காயை.

ரம்யாவுக்கு ஆறு தடவை போன். எடுக்கவில்லை. 10.20க்குத் துடைத்ததை ரிஜிஸ்டரில் எழுதியவளே அவள்தான். அந்த ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டதற்கு, பெங்களூருக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் தன்னந்தனியாகப் பெங்களூருக்குப் போயிருக்கிறது. அதுவும் தானே ஓடும் நோட்டுப் போல.

கோபத்தில் தட்டை விசிறினேன். ரசம் சுவரெல்லாம். செல்வி ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு, "நீங்கதான் தெனமும் எழுதறீங்கல்ல, அந்த நோட்டுல ஒண்ணும் இல்லைங்களா?" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. செப். 23, 6.50, மாதம்மா அக்கா. செப். 26, நீலம், சாம்பல். அக். 1, 10.20, துடைத்தாள். நான் பொட்டு வைத்தது ஒன்றாம் தேதி. இருபத்துமூன்றாம் தேதி வண்டிக்கு எந்தப் பொட்டு கண்ணை மறைத்தது?

இதோடு குழுவிடம் போகப் போகிறேன்.

ஆறாம் தேதியும் இருக்கிறது. ‘ஒரு மூச்சு நேரம் காத்தேன்’ என்று என் கையால்.

அக்டோபர் 9, வியாழன்

குழுக் கூட்டம். மாநகரத்துக்கான கூட்டம், யாரும் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பொதுமக்கள் என்று நானும் இன்னும் மூன்று பேரும். அதில் ஒருவர் ஏசிக்காக வந்தவர்.

குழுவில்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவர்தான் தலைவர். ஒரு போலீஸ் அதிகாரி. ஒரு பேராசிரியர். கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். வந்து இறங்கியது எல்லாம் கார். ரோட்டில் நடக்கிறவர் ஒருவர்கூட இல்லை, கூட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. ஆட்டோக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

பேராசிரியர் ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசினார். நெறிமுறையாம். பிரேக் பிடிக்காத வண்டி, நேரே போனால் ஐந்து பேர், திருப்பினால் ஒருவர், வண்டி யாரைக் காப்பாற்ற வேண்டும்? வயதானவரையா, குழந்தையையா? எல்லோரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. யாரைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க, முதலில் அது மனுஷி என்று தெரிய வேண்டுமே! எலுமிச்சம்பழத்தைத் தனித்தனியாக நான்கு என்று எண்ணத் தெரிந்த வண்டிக்கு மாதம்மாவைக் குப்பையிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த வண்டி நாளை பள்ளிக்கூட ரோட்டில் போகும். செருப்பு வாரைக் கட்டக் குனிகிற பிள்ளை அதற்கு என்னவாகத் தெரியும்?

அப்புறம் சதீஷ் சார். விபத்து வருத்தத்துக்குரியது என்றார். போட்டோவைத் திரையில் போட்டார். நான் சிரித்துக்கொண்டு காமிராவில் குங்குமம் வைக்கிறேன், நான்கு ஆள் உயரத்துக்கு. ரம்யா இரண்டாவது வரிசையில். தலையே நிமிரவில்லை.

எழுந்தேன். கையைத் தூக்கினேன். யார் நீங்கள் என்றார்கள். திரையைக் காட்டினேன். அங்கே இருப்பவன்தான் என்றேன். சலசலப்பு. என்னிடம் நேரப்படி எழுதின குறிப்பு இருக்கிறது, பூஜைக்கு முந்தி எழுதினதும் இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. போலீஸ் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கடைசியில் நீதிபதிதான், நோட்டைக் கொண்டு வா என்றார். பிரித்துப் பார்த்தார். என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். குழுவில் யாருக்கும் வாசிக்க வராது. சரி, நாளை 11 மணிக்கு வந்து நீயே படித்துக் கன்னடத்தில் சொல், எழுதிக்கொள்கிறோம் என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். செல்வி நோட்டை வாங்கி ஆறாம் தேதிப் பக்கத்தைப் படித்தாள். பிறகு மெதுவாக, "அப்ப ஆறாந்தேதிய விட்டுப்போட்டுப் படிங்க. அங்க யாருக்குத் தெரியப் போவுது" என்றாள்.

கிழிக்கக்கூட வேண்டாம். ஒரு பக்கம் தாண்டிப் படித்தால் போதும். கம்பெனி மாட்டும், நான் மாட்ட மாட்டேன். லைசென்ஸ் இருக்கும், திரும்ப பஸ்சுக்குப் போகலாம். காவ்யா படிப்பாள். மிச்சம் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதானே, ஒரு வரி பொய் இல்லையே. செல்வி சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள்மேலும் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் என்மேல்தான், அவள் சொல்வதற்கு முன்பே நீதிபதி எதிரில் நிற்கும்போதே எனக்கும் அது தோன்றிவிட்டது.

சாயந்தரம் ஐந்து மணி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா இன்று தெளிவாக இருந்தார். தலைமாட்டில் எங்கள் பக்கத்துச் சாமி மாதேஸ்வரன் படம். நடந்ததை எல்லாம் சொன்னேன். நீலக் கட்டம், சாம்பல் கட்டம், குனிந்தால் வண்டிக்கு அவர் குப்பையாகத் தெரிவது. கேட்டுக்கொண்டார். பிறகு அதையும் சொன்னேன்.

"நீ பாத்தியா என்னைய?"

"பாத்தனுங்க்கா."

"எப்ப?"

"அடிக்கறதுக்கு முன்னயே. மிதிச்சா வேலை போயிருமுன்னு ஒரு மூச்சு நின்னுட்டேன்."

பக்கத்துப் படுக்கையில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"அந்த மிசினுக்கு நான் குப்பையாத் தெரிஞ்சேன்னு சொன்னயே, அதுல எனக்கு வெசனமில்ல தம்பி. அது மிசினு. உனக்கு நான் ஆளாத்தான தெரிஞ்சேன்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அதையும் படி."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெற்றிலை வாங்கிப் போயிருந்தேன். கொடுக்கவில்லை, ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஆபீசுக்கு வெளியே பெஞ்சு. 10.40.

கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன்.

காலையில் காவ்யாவை எழுப்பி உட்கார வைத்தேன். ஆறாம் தேதிக்கு எதிர்ப்பக்கத்தில் அதையே கன்னடத்தில் எழுதினேன். பஸ் போர்டு எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினால் சுலபம், வேண்டாம் என்று நானே எழுதினேன். பிழை மட்டும் திருத்தினாள். ‘காத்தேன்’ என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நிஜவா அப்பா?" என்றாள். நிஜம் என்றேன். குனிந்து அடுத்த வரியில் இருந்த பிழையைத் திருத்தினாள். செல்வி சமையல்கட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இட்லி வைத்தாள். தடுக்கவில்லை.

உள்ளே போய் என் நாக்கு பயந்தாலும் சரி. அந்த ஒரு பக்கத்தை அவர்களே படித்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை, மறக்காமல் இருக்க:

ரிஜிஸ்டரைப் பெங்களூரிலிருந்து கொண்டுவரச் சொல்ல வேண்டும்.
டேப்லெட்டில் எந்தக் கட்டம் எரிய வேண்டும் என்று வண்டி எப்படித் தீர்மானிக்கலாம்?
மிதித்தவனைச் சிவப்பில் போட்ட சுவர்க் கணக்கு. அதுதான் குழுவுக்குக் காட்டிய கணக்கு.
குழுவில் மாதம்மா மாதிரி ஒருவருக்கு நாற்காலி. வண்டி ஊருக்குள் வருவதற்கு முன்னால், வந்த பின்னால் அல்ல.
பேராசிரியரிடம், எலுமிச்சம்பழம்.

சதீஷ் சார் இப்போதுதான் தாண்டிப் போனார். பார்க்காத மாதிரி. பின்னால் ரம்யா. நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். நானும் அப்படி ஒரு மூச்சு நின்றவன்தான், அவளை என்ன சொல்ல.

11.05. பியூன் வந்து இன்னும் ஐந்து நிமிஷம் என்கிறார்.

பக்கங்களை எண்ணினேன், எல்லாம் இருக்கிறது. ஆறாம் தேதியின் கடைசி வரியை முடிக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது பார்த்தேன். பி. 1, காரணம் என்று எழுதி அப்படியே கிடக்கிறது. இரண்டு பக்கத்திலும் நிரப்பினேன், தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று.

காரணம்: மாதம்மா.

கூப்பிடுகிறார்கள்.